போர்ச்சுகல்: ஒன்பது நாளில் பன்னிரண்டு ஊர்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கோவாவின் பழைய தேவாலயங்களைப் பற்றிய கட்டுரையில், “போர்ச்சுகலின் நாட்டுப்புறத்தைச் சுற்றிய பிறகுதான் எனக்கு கோவா பிடிபட்டது” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரி என்னைச் செலவில் இழுத்துவிட்டுவிட்டது.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. மனைவி அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியையாக இருந்தவர். மகன் ஜெர்மனியில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போகும்போது அப்படியே போர்ச்சுகலில் ஒன்பது இரவு தங்கி, பழைய ஊர்களைக் காரில் சுற்றலாம் என்று எண்ணம். இணையத்தில் தேடி ஒரு பட்டியல் போட்டேன். லிஸ்பன், சிந்த்ரா, ஓபிடோஸ், நசாரே, பட்டால்யா, தோமார், கோயிம்ப்ரா, போர்ட்டோ, மர்வாவ், எவோரா, மொன்சராஸ், லாகோஸ். ஜூலை கடைசியில் போகலாமா? மதுரையில் முப்பது ஆண்டு கார் ஓட்டியவன் நான், அங்கே ஓட்ட முடியுமா? நாங்கள் இருவரும் சைவம். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. பட்டியலில் எதை விடலாம், எதைச் சேர்க்கலாம் என்று சொல்லுங்கள்.

கே., மதுரை

அன்புள்ள கே.,

மதுரையில் முப்பது ஆண்டு ஓட்டியவருக்கு உலகில் எந்தச் சாலையும் பயமில்லை. ஆனால் உங்கள் பட்டியல் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்பது நாளில் பன்னிரண்டு ஊர் என்றால் நீங்கள் பார்க்கப்போவது பன்னிரண்டு கார் நிறுத்துமிடங்களை. அந்த வரியை எழுதிய பாவத்துக்கு நானே உட்கார்ந்து வெட்டித் தருகிறேன்.

எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். லிஸ்பனில் கடைசி இரண்டு இரவு. மீதி ஏழும் அலென்தேஜுவில். ‘தேஜு ஆற்றுக்கு அப்பால்’ என்பதுதான் அந்தப் பெயருக்கே பொருள். நாட்டின் மூன்றில் ஒரு பங்கு நிலம் அது, மக்கள்தான் குறைவு. எவோராவில் நான்கு இரவு, ஸ்பெயின் எல்லையை ஒட்டிய காஸ்டெலோ டி விடேயில் மூன்று இரவு. பெட்டியை இரண்டே இடத்தில் திறந்தால் போதும். போர்ட்டோவும் கோயிம்ப்ராவும் நல்ல ஊர்கள், மறுக்கவில்லை. அவற்றுக்கு இன்னொரு முறை போங்கள்.

இரண்டே ஊர் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. இந்த மதில்சூழ் ஊர்களுக்குப் பகலில் ஒரு முகம், மாலையில் ஒரு முகம். காலை பத்து மணிக்கு லிஸ்பனிலிருந்து பேருந்துகள் வந்து இறங்கும். ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு கிழவர்கள் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார்கள், ரொட்டி வாங்கிய பையோடு பெண்கள் தெருவில் நின்று கதை பேசுவார்கள், சுண்ணாம்புச் சுவர் மஞ்சளாகி, பிறகு நீலமாகும். மதிலுக்குள் இரவு தங்கியவருக்கு மட்டும்தான் அந்த ஊர். எனவே அறை கொஞ்சம் விலை கூடினாலும் மதிலுக்கு உள்ளேயே எடுங்கள்.

ஜூலை வேண்டாம். அலென்தேஜுவின் கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும். மதுரைக்காரருக்கு வெயில் புதிதல்லதான், ஆனால் இங்கே நிழல் தேடி ஒதுங்க வேப்பமரம் உண்டு, அங்கே கற்கோட்டை உண்டு. ஏப்ரலில் போனால் வயல் முழுக்கப் பூ. அக்டோபரில் போனால் திராட்சை அறுவடை முடிந்து ஊர் ஓய்ந்திருக்கும். எப்போது போனாலும் மனைவியின் முழங்காலில் கவனம் வேண்டும். தெருவெல்லாம் உருண்டைக் கல் பாவியது, ஏற்ற இறக்கம் வேறு, மழையில் வழுக்கும். அழகைப் பார்க்காமல் தடித்த ரப்பர் அடியுள்ள சப்பாத்தாக வாங்கிப் போகச் சொல்லுங்கள்.

சப்பாத்து என்று இலங்கைத் தமிழில் வேண்டுமென்றேதான் எழுதினேன். அது போர்ச்சுக்கீசியச் சொல். எவோரா விடுதியில் முதல் இரவு வரவேற்பு மேசையிலிருந்த பெண் ஒரு பெரிய இரும்புச் சாவியைத் தூக்கிக் காட்டி “ஷாவ்” என்றாள். பிறகு அறைக்குக் கூட்டிப்போய் ஜன்னலைக் காட்டி “ஜனெலா” என்றாள், அலமாரியைக் காட்டி “அர்மாரியு” என்றாள், முகம் துடைக்கும் துவாலையைக் காட்டி “துவால்யா” என்றாள். எனக்குப் பாதி மொழி தெரியும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மேசை, பீப்பாய், ஏலம், வராந்தா, பாதிரி, அன்னாசி, கொய்யா எல்லாமே அந்த வழியில் வந்தவை. உங்கள் மனைவியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்துவிடுங்கள், ஒவ்வொரு ஊரிலும் அவர் ஒரு பக்கம் நிரப்புவார்.

எவோராவில் எல்லாரும் எலும்புச் சிற்றாலயத்துக்கு ஓடுவார்கள். சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தை ஒட்டிய அறை, சுவரெல்லாம் மனித எலும்பும் மண்டையோடும். “இங்கிருக்கும் எலும்புகள் நாங்கள், உங்களுடையவற்றுக்காகக் காத்திருக்கிறோம்” என்று வாசலில் எழுதியிருக்கும். பட்டினத்தார் படித்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை, கால் மணி நேரம் போதும். ரோமானியக் கோயிலின் தூண்களை இரவில் பாருங்கள். எனக்கு அந்த ஊரில் மிகப் பிடித்தது வேறொன்று. 1530களில் கட்டிய நீர்ப்பாலம் ஊருக்குள் நுழையும் இடத்தில் வளைவுகள் தாழ்ந்துகொண்டே வரும். அந்த வளைவுகளுக்கு அடியிலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். கதவு, அஞ்சல் பெட்டி, கொடியில் காயும் சட்டை, அதற்கு மேலே ஐந்நூறு ஆண்டுக் கல். ருவா தோ கானோ என்று கேட்டுப் போங்கள். டிக்கெட் கிடையாது.

ஒரு நாள் காலையில் ஊருக்கு மேற்கே அல்மென்ட்ரஸ் கற்களுக்குப் போங்கள். குவாதலூப்பே கிராமத்தைத் தாண்டி மண் சாலை. தொண்ணூற்றுச் சொச்சம் நெடுங்கற்கள் ஒரு சரிவில் நிற்கின்றன, ஏறத்தாழ 7,000 ஆண்டு பழமை, 1960களில்தான் ஆய்வாளர் கண்ணில் பட்டன. கற்களைவிட வழியில் நிற்கும் தக்கை மரங்களில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். நாம் பாட்டிலில் பார்க்கும் கார்க், தக்கை எல்லாம் இந்த ஓக் மரத்தின் பட்டை. உலகின் தக்கையில் பாதி போர்ச்சுகலிலிருந்து வருகிறது. கோடையில் கோடரியால் கீறி, மரத்துக்கு நோகாமல் பட்டையை முழுசாக உரிப்பார்கள். உரித்த தண்டு செம்மண் நிறத்தில், சட்டை கழற்றிய உடம்பு மாதிரி நிற்கும். நான் தொட்டுப் பார்த்த மரத்தில் வெள்ளைச் சாயத்தில் 7 என்று போட்டிருந்தது. 2017இல் உரித்தது என்று பொருள். ஒன்பது ஆண்டு கழியாமல் மறுபடி தொடக் கூடாது என்பது சட்டம். மரம் நட்டு முதல் பட்டை எடுக்கவே இருபத்தைந்து ஆண்டு ஆகும். முதலிரண்டு பட்டையும் பாட்டில் மூடிக்குத் தேறாது. நட்டவர் கையில் நல்ல தக்கை வர நாற்பது ஆண்டுக்கு மேல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், வங்கிக்காரர் நீங்கள்.

மொன்சராஸ் உங்கள் பட்டியலில் இருக்கிறது, அது இருக்கட்டும். மாலையில் போய், இருட்டிய பிறகு திரும்புங்கள். குன்றின் மேல் ஒரே தெரு, கீழே அல்கேவா நீர்த்தேக்கம். 2002இல் மதகை அடைத்தார்கள், ஒரு கிராமமே தண்ணீருக்கடியில் போனது. கல்லறையோடு சேர்த்து அந்த ஊரைப் பெயர்த்துப் புதிய இடத்தில் கட்டினார்கள்.

இனி, நான் சேர்க்கச் சொல்லும் ஊர். விலா விசோசா. எவோராவிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. சனிக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொண்டால் வழியில் எஸ்ட்ரமோஸ் சந்தையையும் பார்த்துவிடலாம். இந்த வட்டாரமே பளிங்குக் கல் பூமி. வீட்டு வாசற்படி, தெருவோரக் கல் எல்லாம் பளிங்கு, நம் ஊரில் கருங்கல்லைப் போடுவது மாதிரி. பிரகன்சா பிரபுக்களின் அரண்மனை இங்கேதான் இருக்கிறது. அந்தக் குடும்பத்துப் பிரபுதான் 1640இல் ஸ்பெயினிடமிருந்து நாட்டைப் பிரித்து அரசரானார். அவர் மகள் கத்தரினா 1638இல் இந்த ஊரில் பிறந்தவள். இங்கிலாந்து அரசருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது சீதனத்தில் ஒரு சிறு பகுதியாகப் போனதுதான் பம்பாய். அரசர் கார்லோஸ் 1908 பிப்ரவரி 1ஆம் தேதி காலையில் இந்த அரண்மனையிலிருந்து கிளம்பினார், அன்று மாலை லிஸ்பனில் சுட்டுக் கொன்றார்கள். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். அவர் அறை அறையாகச் சரவிளக்குகளைக் காட்டுவார். கடைசியில் வரும் சமையலறைக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். சுவர் முழுக்கச் செம்புப் பாத்திரம். சமையலறையை அவர்கள் ‘குசீன்யா’ என்பார்கள். நம் குசினிதான்.

ஆனால் அதற்காக மட்டும் உங்களை அங்கே அனுப்பவில்லை. 1520இல் அந்த ஊரில் பிறந்த ஒரு பையன் 1546இல் இந்தியாவுக்குக் கப்பலேறினான். முத்துக்குளித்துறைக் கரையில் பரதவர்களோடு வாழ்ந்து தமிழ் கற்றான், தமிழுக்கு இலக்கணம் எழுதினான். 1578இல் கொல்லத்தில் அவன் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, பதினாறே பக்கம், இந்திய எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களில் மிகப் பழையது. ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். நாம் அண்டிரிக் அடிகள் என்கிறோம். 1600இல் இறந்தார், தூத்துக்குடியில் அடக்கம். விலா விசோசாவில் டிக்கெட் கொடுத்தவரிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். பணிவாகத் தலையாட்டிவிட்டு, கழிவறை இடது பக்கம் என்றார். அரண்மனைக்கு முன்னால் உள்ள பெரிய வெற்றுச் சதுக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த முகப்பைக் கட்டத் தொடங்கிய 1537இல் அவருக்குப் பதினேழு வயது இருக்கும். கல்லைச் செதுக்கும் சத்தம் அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

எவோராவிலிருந்து காஸ்டெலோ டி விடேக்குப் போகும் நாளில் எல்வாஸ் வழியாகப் போங்கள். 843 வளைவுகளோடு நீர்ப்பாலம், 1622இல் முடிந்தது. காரை நிறுத்தி இறங்கிப் பார்க்க ஒரு மணி நேரம், பிறகு மதியச் சாப்பாடு. காஸ்டெலோ டி விடேயில் செங்குத்தான யூதர் தெரு இருக்கிறது, வாசல்தோறும் பூந்தொட்டி, கூர்வளைவுக் கல் நிலைகள். கார்சியா டா ஓர்த்தா பிறந்த ஊர். கோவாவில் மருத்துவம் பார்த்து, நம் மிளகு, வெற்றிலை, மாம்பழம், பெருங்காயம் பற்றியெல்லாம் 1563இல் உரையாடல் வடிவில் ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் இறந்த பிறகு, யூதமதத்தை ரகசியமாகக் கடைப்பிடித்தார் என்று சொல்லி, 1580இல் கோவாவில் அவர் எலும்பைத் தோண்டி எடுத்து எரித்தது திருச்சபையின் மதவிசாரணை மன்றம். இந்தத் தெருவில் ஏறியபோதுதான் கோவா பிடிபட்டது என்று நான் எழுதியது. மர்வாவ் இங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒரு மாலை போதும். முழங்கால் அனுமதித்தால் கோட்டை மதிலில் நடந்துவிட்டு வாருங்கள்.

சாப்பாடு. அலென்தேஜு பன்றி இறைச்சி நாடு, மறைப்பதற்கில்லை. ஆனாலும் ஐரோப்பாவில் வேறெங்கும் காணாத அளவுக்குக் கொத்தமல்லித் தழை போடுகிறார்கள். பூண்டையும் கொத்தமல்லியையும் உப்போடு இடித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, கொதிநீர் விட்டு, பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டால் அதன் பெயர் அசோர்தா. மேலே முட்டை வைப்பார்கள், வேண்டாமென்றால் முன்பே சொல்லுங்கள். சில இடங்களில் தண்ணீருக்குப் பதில் மீன் வேகவைத்த நீர் விடுவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காஸ்டெலோ டி விடேக்குப் பக்கத்திலுள்ள நீசாவின் செம்மறியாட்டுப்பால் சீஸ் முட்செடிப் பூவைக் கொண்டு உறையவைப்பது, சைவர் தயங்காமல் சாப்பிடலாம். உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் கொண்டுவந்து வைப்பார்கள். அன்பளிப்பு என்று நினைக்க வேண்டாம், தொட்டால் காசு. வேண்டாமென்றால் எடுத்துப்போகச் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கார். உள்ளூர் ஆர்டிஓவில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கி, அசல் உரிமத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஒரு நாளில் பழகிவிடும். சுங்கச் சாவடிக்கான மின்னணுப் பெட்டி காரில் இருக்கிறதா என்று எடுக்கும்போதே கேளுங்கள். எந்த ஊரானாலும் மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். நான் அப்படிச் செய்யாமல் மாட்டிக்கொண்டேன். கைபேசி வழிகாட்டியை நம்பி ஒரு ஊரில் மதில் வாசலுக்குள் விட்டேன். தெரு குறுகிக்கொண்டே போய், இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கிய பிறகும் சுவருக்கும் காருக்கும் நான்கு விரல் இடைவெளி. பின்னால் எடுக்கவும் தெரியவில்லை, கியர் வேறு ஒத்துழைக்கவில்லை. அப்போது ஒரு பாட்டி வெளியே வந்து “திவகார், திவகார்” என்று கத்தினார். வேறு யாரோ திவாகர் பின்னால் இருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். ‘மெதுவாக’ என்று அர்த்தமாம். தன் வாசலில் இருந்த ஜெரேனியத் தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்து, கையை ஆட்டி ஆட்டி என்னைப் பின்னுக்கு நகர்த்தி வெளியே அனுப்பினார். நான் இறங்கி நன்றி சொல்லப் போவதற்குள் தொட்டிகளை மறுபடி வாசலில் வரிசையாக வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆகவே ஆட்டோமேட்டிக் கார் வேண்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள், கேட்காவிட்டால் கியர் வண்டிதான் கொடுப்பார்கள். அதிலும் சின்னதாகப் பார்த்து எடுங்கள்.