ஆஸ்டராய்ட்ஸ் (அடாரியின் ஆர்கேட் வீடியோ கேம், 1979): கோட்டுத் திரையும் (வெக்டர் மானிட்டர்) அதன் கோளாறுகளும் – கேள்வி பதில்

கேள்வி: சார், எமுலேட்டரில் (பழைய ஆட்டத்தைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) ஆடும்போது கப்பலும் பாறையும் சரியாகத்தான் தெரிகின்றன. ஆனால் பழைய மெஷினில் குண்டு கண்ணைப் பறிக்கிற மாதிரி மின்னுமே, அது ஏன் வருவதில்லை?

பதில்: பழைய பிக்சர் டியூப் டிவியில் எலக்ட்ரான் கதிர் திரை முழுவதையும் வரிவரியாகத் தடவிக்கொண்டு போகும். ஆஸ்டராய்ட்ஸில் கோடு எங்கே உண்டோ அங்கே மட்டும்தான் கதிர் போகும். கப்பலின் மூக்கிலிருந்து வால், அங்கிருந்து பாறை, பிறகு ஸ்கோர் எண்கள். குண்டுக்கு நீளமே கிடையாது. கதிர் ஒரே புள்ளியில் நிற்க, அத்தனை ஒளியும் அங்கேயே குவியும். சாதாரண மானிட்டரில் ஒரு புள்ளி வெள்ளையைத் தாண்டிப் போக முடியாது. எமுலேட்டரில் ஒளிவட்ட அமைப்பைக் கூட்டினால் ஓரளவு நெருங்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: கோட்டுத் திரையில் வந்த முதல் விண்வெளிச் சண்டை இதுதானா?

பதில்: இல்லை. காசு போட்டு ஆடும் மெஷின்களில், 1977இல் சினிமாட்ரானிக்ஸ் வெளியிட்ட ஸ்பேஸ் வார்ஸ்தான் முதல். வடிவமைத்தவர் லாரி ரோசன்தால். அதற்கும் மூலம் 1962இல் எம்.ஐ.டி.யின் பிடிபி-1 கணினியில் ஓடிய ஸ்பேஸ்வார். அடாரியின் கோட்டுச் சர்க்யூட் ஹோவர்ட் டெல்மன் லூனார் லேண்டர் என்ற ஆட்டத்துக்காகச் செய்தது. அதே வன்பொருளில் எட் லாக் ஆஸ்டராய்ட்ஸை எழுதினார்.

கேள்வி: அண்ணா, காசு போட்டால் சத்தம் வருகிறது, ஆட்டமும் ஓடுகிறது. திரை மட்டும் இருட்டு. மானிட்டரில் ஒரு சிவப்பு எல்.இ.டி. எரிகிறது. பிக்சர் டியூப் போய்விட்டதா?

பதில்: டியூப் மேல் பழி போடாதீர்கள். இந்த மெஷினில் வரும் ஜி05 மானிட்டரில் அந்த விளக்கு எரிந்தால் கதிர் நகரவில்லை என்று பொருள். நகராத கதிர் திரையின் உட்புறம் ஒளிரும் பாஸ்பர் பூச்சைப் பொசுக்கிவிடும் என்பதால் காப்புச் சர்க்யூட் ஒளியை அணைத்துவைத்திருக்கிறது. எக்காரணம் கொண்டும் பிரைட்னஸைக் கூட்டாதீர்கள். கூட்டினால் திரை நடுவில் நிரந்தரமாக ஒரு கருப்புப் புள்ளி விழும்.

போர்டிலிருந்து வரும் எக்ஸ், ஒய் சிக்னல்களை (கதிரைக் குறுக்கும் நெடுக்கும் நகர்த்துபவை) ஆசிலோஸ்கோப்பில் எக்ஸ்-ஒய் முறையில் பாருங்கள். ஆட்டம் அப்படியே ஸ்கோப்பில் தெரிந்தால் கோளாறு மானிட்டரில். ஃபியூஸ், கனெக்டர், சேசிஸில் திருகியிருக்கும் பெரிய உலோக ட்ரான்சிஸ்டர்கள் என்று வரிசையாகப் பாருங்கள். ஸ்கோப்பிலும் ஒன்றும் இல்லையென்றால் போர்டில் ஏடி561 சிப்புகள் (எண்ணை வோல்டேஜாக மாற்றுபவை), பிறகு டிஎல்082 (ஆப்-ஆம்ப் சிப்) ஆகியவற்றைப் பாருங்கள். டியூபில் பல ஆயிரம் வோல்ட் தேங்கி நிற்கும். டிஸ்சார்ஜ் செய்யாமல் கை வைக்கக் கூடாது.

கேள்வி: என்னுடையது அடிக்கடி ரீசெட் ஆகிறது. பவர் சப்ளையில் 5 வோல்ட் சரியாகவே காட்டுகிறது.

பதில்: சப்ளையில் அளந்து பயனில்லை, போர்டில் அளக்க வேண்டும். போர்டின் ஓரத்தில் மாட்டும் எட்ஜ் கனெக்டர் கருகியிருந்தால் வழியிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும். அதைச் சரிக்கட்ட ரெகுலேட்டர் திருகைக் கூட்டினால் ரெகுலேட்டர் சூடேறிச் சாகும். முதலில் போர்டின் ஓரத்து உலோக விரல்களைத் துடைத்து, கனெக்டர் பின்களை மாற்றுங்கள். அடுத்து, கேபினெட்டின் அடியில் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய நீலக் கெபாசிட்டர் (சுமார் 27,000 மைக்ரோஃபாரட், 15 வோல்ட்). அதன் வயதுக்கு, சோதிப்பதைவிட மாற்றிவிடுவதே மேல்.

கேள்வி: 10,000 தாண்டவே முடியவில்லை. வழி சொல்லுங்கள்.

பதில்: பெரிய பாறை 20, நடுத்தரம் 50, சிறியது 100. ஒரு பெரிய பாறையை முழுக்க உடைத்தாலும் 520தான். எதிரியின் சிறிய பறக்கும் தட்டு ஒன்றுக்கே 1000! ஆகவே ஒரே ஒரு சிறு பாறையை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு, திரை ஓரமாகத் தட்டுக்குக் காத்திருங்கள். குண்டு ஓரத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் வரும். இடது ஓரத்தில் நின்று இடப்பக்கமாகச் சுட்டால், வலது ஓரத்தில் தலைகாட்டும் தட்டு அடிபடும். ஒரு சமயத்தில் உங்கள் குண்டுகள் நான்குதான் திரையில் இருக்க முடியும் என்பதால் நான்கையும் ஒரேயடியாக வீணாக்காதீர்கள். கப்பலை மறையவைத்து வேறெங்கோ தோன்றவைக்கும் ஹைபர்ஸ்பேஸ் பொத்தான் கடைசிப் புகலிடம். வெளிவரும்போது கப்பல் தானே வெடிக்கவும் கூடும்.

கேள்வி: கப்பல்கள் நிறையச் சேர்ந்தால் ஆட்டம் மெதுவாகிறதே, போர்டில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. மேலே வரிசையாக நிற்கும் ஒவ்வொரு உதிரிக் கப்பலையும் கதிர் ஒவ்வொரு முறையும் வரைந்தாக வேண்டும். வரிசை நீள நீள அதற்கு நேரம் போதாது. கப்பல்கள் குறைந்ததும் வேகம் திரும்பிவிடும். ஸ்கோர் 99,990க்குப் பிறகு பூஜ்யமாவதும் இயல்புதான். 1982இல் ஸ்காட் சாஃப்ரன் எடுத்த 4,13,36,440 புள்ளிகளில் அது 413 தடவை பூஜ்யமாகியிருக்கும்.