நேற்று எடுத்த நிறம் இன்று எங்கே? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எழுத்து நிறத்தைப் பற்றியவை. கல்யாணப் பத்திரிகை, மாங்கன்று விலைப்பட்டியல், கோயில் வரலாறு என்று வேலைகள் வேறு வேறு. குறை மட்டும் ஒன்றுதான்: பார்த்துப் பார்த்து எடுத்த நிறம் மறுநாள் கிடைப்பதில்லை. தருமபுரியில் டிடிபி மேசையில் 25 வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், இந்தக் குறையைக் கேட்காத மாதமே இல்லை. ஆகவே இந்த முறை நிறம் மட்டும்.

பென்னாகரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: புராஜெக்ட் தலைப்புக்கு மோர் கலர்ஸ் போய் ஒரு மெரூன் எடுத்தேன். ரீசன்ட் கலர்ஸ் வரிசையில் இருந்தது. இன்று வேர்டைத் திறந்தால் அந்த வரிசையே காணோம்.

அந்த வரிசையை நம்பி இருக்கக் கூடாதும்மா. வேர்டை மூடினால் அதுவும் போய்விடும். எக்செல்லும் பவர்பாயின்டும் அதைக் கோப்போடு சேர்த்து வைக்கும், வேர்ட் வைக்காது. ஆனால் உங்கள் மெரூன் தொலையவில்லை, நேற்றைய கோப்பிலேயே இருக்கிறது. அந்தத் தலைப்பைத் தேர்வு செய்து, மறுபடி மோர் கலர்ஸ் திறந்து, கஸ்டம் பக்கத்துக்குப் போங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் தெரியும். நிறம் என்றால் அந்த மூன்று எண்தான். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை; மொத்தத்தில் ஒன்றேமுக்கால் கோடி நிறத்துக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனைக்குள் கண்ணளவில் தேடி அதே மெரூனைப் பிடிக்க யாராலும் ஆகாது. எண்ணை எழுதி வையுங்கள்.

ஓசூரிலிருந்து ஒரு தொழிற்சாலை அலுவலக உதவியாளர்: எங்கள் கம்பெனி நீலம், சாம்பல் இரண்டும் எட்டு கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி வர வேண்டும். ஒவ்வொன்றிலும் எண்ணைத் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை.

எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். டிசைன் தாவலில் கலர்ஸ், அதன் அடியில் கஸ்டமைஸ் கலர்ஸ். (வேர்ட் 2007, 2010 என்றால் பேஜ் லேஅவுட் தாவலில் இருக்கும்.) 12 இடங்கள் வரும்: எழுத்துக்கும் பின்னணிக்கும் நான்கு, ஆக்சென்ட் ஆறு, இணைப்புகளுக்கு இரண்டு. ஆக்சென்ட் 1-ல் நீலம், 2-ல் சாம்பல் கொடுத்து ஒரு பெயர் வைத்துச் சேமியுங்கள். அப்புறம் எழுத்து நிறப் பட்டியலில் மேல் வரிசையிலேயே அவை நிற்கும், இளசும் அடர்த்தியுமாக ஐந்து சாயலோடு. எக்செல், பவர்பாயின்டிலும் அதே தொகுப்பு கிடைக்கும்.

மற்ற ஏழு கம்ப்யூட்டருக்கு: சேமித்த தொகுப்பு ஒரு சின்னக் கோப்பு. ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ், டாக்குமென்ட் தீம்ஸ், தீம் கலர்ஸ் என்ற வழியில் போனால் இருக்கும். பென் டிரைவில் எடுத்து அங்கேயும் அதே ஃபோல்டரில் போட்டு வேர்டை மூடித் திறந்தால் போதும். புதிய கோப்பு ஒவ்வொன்றும் இந்த நிறங்களோடு திறக்க வேண்டுமானால் அதே டிசைன் தாவலில் செட் ஆஸ் டிஃபால்ட். எண்களை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஹார்ட் டிஸ்க் போகிற அன்று தாள்தான் கை கொடுக்கும்.

ஊர் பெயர் போடாத ஒருவர்: கலர் சேவ் ஆகலை. அவசரம். உடனே பதில் தேவை.

எதில் சேவ் ஆகவில்லை? வேர்டா, கூகுள் டாக்ஸா, லிப்ரே ஆஃபீஸா? எந்த வருஷத்துப் பதிப்பு? கம்ப்யூட்டரா, போனா? இது எதுவும் இல்லாத கடிதத்துக்கு நான் என்ன சொன்னாலும் குருட்டாம்போக்குதான். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

அரூரிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் ஊர்க் கோயில் வரலாற்றை 140 பக்கம் அடித்து முடித்துவிட்டோம். தலைப்புகள் எல்லாம் சிவப்பு. இப்போது பெரியவர்கள் காவி வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொன்றாக மாற்றுவதைத் தவிர வழி இல்லையா?

வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் சிவப்பு வைத்த விதத்தைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். தலைப்பை அடிப்பது, மவுஸால் இழுத்துத் தேர்வது, நிறம் வைப்பது, அளவைக் கூட்டுவது, அடுத்த தலைப்புக்குப் போவது. இந்த மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் இப்படித்தான் செய்கிறார்கள். கம்ப்யூட்டர் சென்டர்களிலும் இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். இது சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி. நிறத்தை மாற்ற வேண்டுமென்றால் அத்தனை சுவரையும் திரும்ப அடிக்க வேண்டும்.

சில வருஷத்துக்கு முன் ஒரு பள்ளி ஆண்டு மலர் என்னிடம் வந்தது. நான்கு பேர் பகுதி பகுதியாக அடித்திருந்தார்கள். தலைப்பெல்லாம் பச்சை என்று பேச்சு. ஒருவர் வைத்தது 0, 128, 0. இன்னொருவர் பட்டியலில் இருந்த பச்சையை எடுத்திருந்தார். மூன்றாமவர் கண்ணுக்குப் பிடித்ததை நிறக் கட்டத்தில் கிளிக் செய்திருந்தார், அதுவும் நாளுக்கொன்றாக. திரையில் ஏறக்குறைய ஒன்றுதான். அச்சுப் பிரதியில் ஒரு பக்கம் வாழை இலை, அடுத்த பக்கம் பாசி. எண் வேறு வேறாக இருந்ததால் தேடி மாற்றுவதும் ஒரே தடவையில் நடக்கவில்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து சரி செய்தேன். பிள்ளைகள் ஆசையாக எழுதிக் கொடுத்த மலர் அது. அடித்தவர்கள் ஆரம்பத்தில் ஐந்து நிமிஷம் செலவழித்திருந்தால் அந்த இரண்டு ராத்திரியும் மிச்சம்.

அந்த ஐந்து நிமிஷ வேலைதான் ஸ்டைல்: தலைப்பின் எழுத்துரு, அளவு, நிறம் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்த்து வைப்பது. ஹோம் தாவலில் ஹெடிங் 1 மேல் வலது கிளிக், மாடிஃபை. எழுத்துரு, அளவு, காவிக்கு 153, 51, 0 (ஹெக்ஸ் எனும் பதினாறடிமான எண் கேட்கும் பதிப்பில் 993300). கீழே இந்த டெம்ப்ளேட்டை வைத்துத் திறக்கும் புதிய கோப்புகளுக்கும் என்று பொருள்படும் வரி ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தால் அடுத்த கோப்பிலும் அந்தக் காவி காத்திருக்கும். நாளைக்குப் பெரியவர்கள் மறுபடி மனசு மாறினாலும் மாடிஃபையில் ஓர் எண் மாற்றினால் 140 பக்கமும் மாறும். பொருளடக்கமும் அதே ஹெடிங்கிலிருந்து தானாக வரும்.

இப்போது கையிலிருக்கும் கோப்புக்கு: ஒரு சிவப்புத் தலைப்பில் கர்சரை வைத்து, ஹோம் தாவலின் வலது ஓரத்தில் செலக்ட், அதில் ஒரே மாதிரி ஃபார்மேட்டிங் உள்ளதையெல்லாம் தேர்ந்தெடுக்கும் வரி. தேர்வானதும் கன்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்துங்கள். கையால் வைத்த நிறம் கழியும். பிறகு ஹெடிங் 1. இரண்டு எச்சரிக்கை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை) அடித்திருந்தால் கன்ட்ரோல் ஸ்பேஸ் அழுத்தியதும் தலைப்புகள் புரியாத ஆங்கில எழுத்தாக மாறி நிற்கும். ஸ்டைலில் அந்த எழுத்துருவை வைத்திருந்தால் ஹெடிங் 1 கொடுத்ததும் திரும்பி வந்துவிடும், பதற வேண்டாம். அதைவிட முக்கியம், கோப்புக்கு ஒரு நகல் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

சந்தூர் நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர்: பழைய லேபிளை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். அதே செந்தூரா சிவப்பு வேண்டும், எண் சொல்லுங்கள்.

போட்டோவிலிருந்து உறுதியான எண் சொல்ல முடியாது. வெயிலில் எடுத்தால் ஓர் எண், டியூப் லைட்டில் எடுத்தால் இன்னோர் எண். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது இன்னும் கொஞ்சம் மாறும். லேபிளை வடிவமைத்தவரிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள். கிடைக்கவே கிடைக்காது என்றால் போட்டோவை பெயின்டில் திறந்து, துளிக்குழாய் கருவியால் மூன்று நான்கு இடத்தில் தொட்டுப் பார்த்து, நடுவாக ஒன்றை எடுத்து, அச்செடுத்துப் பகல் வெளிச்சத்தில் லேபிளோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். ஒத்துப்போனதும் எண்ணை எழுதி வையுங்கள். போட்டோவை அல்ல, எண்ணை.

தேன்கனிக்கோட்டை வாசகர், ரோஜா விவசாயி: திரையில் பளிச்சென்று இருக்கிற ரோஸ் நிறம் அச்சில் மங்குகிறது.

திரை மூன்று நிற ஒளி, அச்சகம் நான்கு நிற மை. பளீர் ரோஸ், கிளிப்பச்சை, மின்நீலம் மூன்றும் மையில் அந்தப் பளபளப்போடு வரவே வராது. வேர்டில் மைக்கணக்கு கொடுக்கவும் வழியில்லை. அச்சகத்தில் மாதிரிப் பிரதி பார்த்த பிறகே ஆயிரக்கணக்கில் ஓட்டச் சொல்லுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை: பிள்ளைகளுக்குப் புரிய ‘கெ’ எழுத்தில் கொம்பை மட்டும் சிவப்பாகக் காட்ட வேண்டும். வேர்டில் முழு எழுத்தும் சேர்ந்தே சிவக்கிறது.

நல்ல கேள்வி டீச்சர், நன்றி. யூனிகோடில் (இப்போது போனிலும் இணையத்திலும் வரும் தமிழ் எழுத்து முறை) கொம்பும் ககரமும் ஒரே கொத்தாகத்தான் தேர்வாகும். பாமினியில் கொம்பும் காலும் தனித்தனி எழுத்துகள், அதனால் கொம்புக்கு மட்டும் நிறம் வைக்கலாம். ஆனால் கு, கூ போன்றவை அங்கேயும் ஒரே வடிவம், பிரியாது. அந்த அட்டையை மட்டும் பாமினியில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பாடமெல்லாம் யூனிகோடிலேயே இருக்கட்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பிரவுசிங் சென்டர்காரர்: லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் நிறத்துக்குப் பெயர் வைத்துச் சேமிக்க முடியுமா?

முடியும், இந்த விஷயத்தில் அது வேர்டைவிட வசதி. ஃபார்மேட், பாராகிராஃப், ஏரியா தாவல், கலர். எண்ணைக் கொடுத்து ஆட் அழுத்திப் பெயர் வையுங்கள். அப்புறம் எழுத்து நிறப் பட்டியலின் தலையில் கஸ்டம் என்ற தொகுப்பைத் தேர்ந்தால் அங்கே இருக்கும். டாக்குமென்ட் கலர்ஸ் என்று இன்னொரு தொகுப்பும் உண்டு. கோப்பில் ஏற்கெனவே உள்ள நிறங்களைக் காட்டும்.

காரிமங்கலம்: கூகுள் டாக்ஸில் சேர்த்த கஸ்டம் நிறம் அடுத்த கோப்பில் இல்லையே?

அது அந்தக் கோப்போடு சரி. தலைப்புக்கு நிறம் வைத்து, ஹெடிங் 1-ஐ அதற்கு ஏற்ப அப்டேட் செய்து, பாராகிராஃப் ஸ்டைல்ஸ் அடியில் ஆப்ஷன்ஸ் போய் என் டிஃபால்ட்டாகச் சேமி என்பதைக் கொடுங்கள். இனித் திறக்கும் கோப்புகளில் ஹெடிங் அந்த நிறத்திலேயே வரும்.

ஊத்தங்கரை: ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றில் ஒட்டினால் தலைப்பின் நிறம் மாறிவிடுகிறது.

இரண்டு கோப்பிலும் ஹெடிங் 1 இருந்து நிறம் மட்டும் வேறாக இருந்தால், ஒட்டுகிற இடத்து ஹெடிங் ஜெயிக்கும். பழைய நிறமே வேண்டுமென்றால் ஒட்டும்போது கீப் சோர்ஸ் ஃபார்மேட்டிங்.

காவேரிப்பட்டணம்: ஹைலைட்டரில் நமக்குப் பிடித்த நிறம் சேர்க்கலாமா?

வேர்டில் 15 நிறம்தான், சேர்க்க முடியாது. அதற்குப் பதில் ஷேடிங் வையுங்கள், அதில் எந்த எண்ணும் ஏற்கும்.

பாப்பிரெட்டிப்பட்டி: பரீட்சை வினாத்தாளில் பகுதித் தலைப்புகளை மஞ்சளில் வைத்திருக்கிறேன், அழகாக இருக்கிறது. ஜெராக்ஸில் வருமா?

வராது. வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் அழிந்தே போகும், பிள்ளைகளுக்கு எந்தப் பகுதி என்றே தெரியாது. இன்றைக்கே கறுப்புக்கு மாற்றுங்கள்.