எல்க் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி, எந்தக் குண்டு? கேள்வி பதில்

கொலராடோ மலைகளில் பதினான்கு வருடமாக எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடப் போய் வருகிறேன். அக்டோபர் நெருங்கினால் நண்பர்களிடமிருந்து கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இந்த வருடம் வந்தவற்றுக்கு இங்கே ஒன்றாகப் பதில் எழுதுகிறேன்.

அண்ணா, இது என் முதல் சீசன். கடைக்காரர் .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கச் சொல்கிறார். கூட வேலை செய்பவர் 6.5 கிரீட்மோரே போதும் என்கிறார். நான் இதுவரை மான்கூடச் சுட்டதில்லை. எதை வாங்குவது? (டென்வர்)

தம்பி, இந்தப் பெயர்களெல்லாம் தோட்டாக்களுடையவை, அவற்றைச் சுடும் துப்பாக்கியையும் அதே பெயரில்தான் சொல்வோம். தோட்டா என்பது மருந்தும் குண்டும் சேர்ந்த முழு உருப்படி, குண்டு அதிலிருந்து பறந்து போகும் உலோகம். நீங்கள் சொன்ன இரண்டும் எல்க்கை வீழ்த்தும். ஆனால் உங்கள் நிலையில் நான் இருந்தால் .308 அல்லது .30-06 வாங்குவேன்.

எல்க் பார்க்க நம் ஊர் மிளாவின் சாயலில் இருக்கும். வளர்ந்த கிடா 300 கிலோவைத் தாண்டும், பெட்டை 220 கிலோவுக்கு மேல். தோல் தடிமன், தோள் எலும்பு கனம். நுரையீரலில் ஓட்டை விழுந்த பிறகும் நூறு கஜம் நடந்து போகும். அதனால்தான் எல்லாரும் பெரிய தோட்டா என்கிறார்கள். 180 கிரெயின் (குண்டின் எடை அளவு, கீழே சொல்கிறேன்) குண்டு போட்ட .30-06 குழலை விட்டுக் கிளம்பும்போது அதன் சக்தி சுமார் 2900 அடி-பவுண்டு. அதே குண்டுக்கு .300 மேக்னம் தருவது சுமார் 3500. வித்தியாசம் உண்மைதான். ஆனால் அதற்கான விலையை உங்கள் தோள் கொடுக்கிறது. எட்டு பவுண்டு எடையுள்ள துப்பாக்கியில் .30-06 கொடுக்கும் உதை 20 அடி-பவுண்டு அளவில் இருக்கும். மேக்னத்தில் அது 25ஐத் தாண்டிவிடும்.

நானும் முதல் வருடம் மேக்னம்தான் வாங்கினேன். உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. வந்தது எனக்கே தெரியவில்லை. 180 கஜத்தில், பக்கவாட்டில் நின்ற கிடாவை வயிற்றில் சுட்டேன். இருட்டும் வரை ரத்தத் தடம் பார்த்து நடந்தேன், கிடைக்கவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் கண்டுபிடித்தேன். அந்த இரவு அது பட்ட வேதனைக்குக் காரணம் நான். இன்றும் யாராவது மேக்னம் என்றால் எனக்கு அந்தக் கிடாதான் முதலில் ஞாபகம் வரும். அடுத்த வருடமே .30-06க்கு மாறினேன். 1906இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா அது. மலையடிவாரத்துச் சின்னக் கடையிலும் கிடைக்கும்.

பெட்டியில் '180 கிரெயின்', 'பார்ட்டிஷன்', 'பாண்டெட்' என்றெல்லாம் போட்டிருக்கிறது. ஒன்றும் புரியவில்லை. விளக்க முடியுமா? (டாலஸ்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எல்லாரும் துப்பாக்கியின் காலிபரை, அதாவது குழலின் உள்விட்டத்தைப் பற்றியே வாதாடுகிறார்கள். விலங்கைத் தொடுவது குண்டு மட்டும்தான்.

முதலில் எடை. நம் பொற்கொல்லர்கள் குன்றிமணி வைத்து நிறுத்ததுபோல, தானிய மணியை வைத்து வந்த அளவு கிரெயின். ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம். 180 கிரெயின் என்றால் 11.7 கிராம்.

அடுத்து, குண்டு உள்ளே போய் என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். அது நுனி மலர்ந்து காளான்போல விரிய வேண்டும், அப்போதுதான் காயம் அகலமாகும். விரிந்த பிறகும் உடையாமல், எடை குறையாமல், இரண்டு நுரையீரலையும் கடக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுக்கிற தேவைகள். செம்பு உறைக்குள் ஈயம் ஊற்றிய சாதாரணக் குண்டு மெல்லிய மானுக்குப் போதும். அதே குண்டு மேக்னத்தின் வேகத்தில், அறுபது எழுபது கஜத்தில், எல்க்கின் தோள் எலும்பில் மோதினால் சிதறிவிடலாம். வெளியே பெரிய காயம், உள்ளே ஆழம் இல்லை. விலங்கு ஓடிப்போய் எங்கோ மெதுவாகச் சாகும்.

இதே தொல்லையை அனுபவித்தவர் ஜான் நோஸ்லர். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உடம்பெல்லாம் சேறு காய்ந்த ஒரு மூஸை (எல்க்கைவிடப் பெரிய மான் வகை) அவர் சுட்டபோது குண்டுகள் ஆழமாக இறங்கவில்லை. ஊருக்குத் திரும்பி, குண்டின் நடுவில் குறுக்கே ஒரு செம்புச் சுவர் வைத்தார். சுவருக்கு முன்னால் இருக்கும் ஈயம் விரியும், பின்பாதி அப்படியே ஆழமாகப் போகும். 1948இல் விற்பனைக்கு வந்த அதுதான் பார்ட்டிஷன். பாண்டெட் என்பது வேறு வழி. உறையும் ஈயமும் பிரியாதபடி ஒட்டவைத்திருப்பார்கள். நோஸ்லர் அக்யூபாண்ட் அந்த வகை. மூன்றாவது, ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு. பார்ன்ஸ் நிறுவனத்தின் டிடிஎஸ்எக்ஸ் ஓர் உதாரணம். இது எடையை இழக்காது, ஆனால் விரிய வேகம் வேண்டும். அதனால் இதில் ஒரு படி லேசான எடை எடுப்பது நல்லது. .30-06க்கு ஈயக் குண்டு 180 என்றால், செம்பில் 165 அல்லது 168 போதும்.

எல்க்குக்கு இந்த மூன்றில் எது எடுத்தாலும் சரி. உங்கள் துப்பாக்கி எந்தக் குண்டுகளை ஒன்றுக்கொன்று நெருக்கமாக ஒரே இடத்தில் விழச் சுடுகிறதோ அதை எடுங்கள். இரண்டு மூன்று பெட்டி வாங்கிப் பார்க்காமல் அது தெரியாது.

மாமனார் தன்னுடைய பழைய .270ஐக் கொடுத்திருக்கிறார். எல்க்குக்குப் பத்தாது என்று பயமுறுத்துகிறார்கள். (சால்ட் லேக் சிட்டி)

இந்தச் சண்டைக்கு வயது அதிகம். .270 வின்செஸ்டர் வந்தது 1925இல். அதைத் தூக்கிப் பிடித்தவர் ஜாக் ஓ'கானர் என்ற வேட்டை எழுத்தாளர். கனமான, பெரிய விட்டமுள்ள குண்டுதான் வேண்டும் என்று எதிர்ப்பக்கம் நின்றவர் எல்மர் கீத். இருவரும் போய்ச் சேர்ந்து பல வருடமாகியும் சண்டை முடியவில்லை. 150 கிரெயின் பார்ட்டிஷன் அல்லது 130 கிரெயின் செம்புக் குண்டு போட்டுத் தாராளமாக எடுத்துப் போங்கள். மாமனாரையும் கூட்டிப் போனால் இன்னும் நல்லது.

என் மனைவியும் வருகிறார். உருவம் சின்னது. அவருக்கு 6.5 கிரீட்மோர் சரியா? (ஆஸ்டின்)

சரி. உதை .30-06இல் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பயமில்லாமல் பழகலாம். 143 கிரெயின் வேட்டைக் குண்டு நொடிக்கு 2700 அடி வேகத்தில் கிளம்பினால் அதன் சக்தி 300 கஜத்திலும் 1600 அடி-பவுண்டை ஒட்டி இருக்கும். எல்க்குக்கு 1500 வேண்டும் என்று வேட்டைக்காரர்கள் சொல்வது ஒரு கைக்கணக்கு. அதற்கு நன்றாக மேலேயே இருக்கும்படி 250 கஜத்தில் எல்லை போட்டுக்கொள்ளச் சொல்வேன். தோளெலும்பைக் குறி வைக்க வேண்டாம், அதற்குப் பின்னால் நுரையீரல்தான்.

ஒரு எச்சரிக்கை. இந்த காலிபரில் போட்டிச் சுடுதலுக்கான குண்டுகளும் கடையில் பக்கத்திலேயே இருக்கும். ஹார்னடி நிறுவனக் குண்டுகளில் 'ஈஎல்டி மேட்ச்' போட்டிக்கு, 'ஈஎல்டி-எக்ஸ்' வேட்டைக்கு. மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

.243 வைத்திருக்கிறேன். கொலராடோவில் சட்டப்படி அனுமதி உண்டு என்கிறார்களே? (போல்டர்)

உண்டு. குறைந்தது 6 மில்லிமீட்டர் விட்டம், எல்க்குக்குக் குறைந்தது 85 கிரெயின் குண்டு, 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு என்பது அங்கே விதி. ஆனாலும் அதை மானுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்க் கொஞ்சம் கோணலாக நின்றாலும் தவறுக்கு இடமே இருக்காது.

வீட்டில் சின்னக் குழந்தைகள். ஈயக் குண்டில் சுட்ட இறைச்சியைக் கொடுக்கலாமா? (சாக்ரமெண்டோ)

உங்கள் மாநிலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடலைத் தின்று காண்டர் கழுகுகள் ஈய நஞ்சால் செத்ததுதான் முக்கியக் காரணம். மற்ற மாநிலத்தவருக்கும் சொல்கிறேன்: ஈயம் கண்ணுக்குத் தெரியாத துகளாகக் காயத்தைச் சுற்றிப் பரவும். குழந்தைகள் சாப்பிடுகிற வீடு என்றால் செம்புக்கு மாறிவிடுங்கள். நான் மகள் பிறந்த வருடம் மாறினேன்.

ஐயா, நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடலாமா? (சியாட்டில்)

கேட்டது நல்லது. குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அதற்கு ஒரு விலக்கு, அமெரிக்காவில் முறையாக வாங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. எனவே முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, அடுத்து உரிமம், அப்புறம்தான் துப்பாக்கி. உங்கள் விசா நிலைமையை ஒரு வக்கீலிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் தவறினால் இந்த நாட்டு வாழ்க்கையே போய்விடும்.

இங்கே ஸ்வீடனில் 'எல்யி' வேட்டைக்கு நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். நீங்கள் சொல்லும் எல்க்கும் அதுவும் ஒன்றா? (ஸ்டாக்ஹோம்)

இல்லை. அது மூஸ், எல்க்கைவிடப் பெரியது. ஐரோப்பியர்கள் மூஸைத்தான் எல்க் என்பார்கள். உங்கள் ஊரின் பழைய 6.5×55 தோட்டா, 10 கிராம் எடைக் குண்டோடு தலைமுறை தலைமுறையாக அதை வீழ்த்தி வருகிறது.

எவ்வளவு தூரத்தில் சுடலாம்? எங்கே குறி வைக்க வேண்டும்? சுட்டவுடன் என்ன செய்வது? (ஃபோர்ட் காலின்ஸ்)

.30-06ஐ 200 கஜத்துக்குக் குறி சரிசெய்தால், 300 கஜத்தில் குண்டு எட்டு ஒன்பது அங்குலம் இறங்கும். 400இல் இரண்டடி. மணிக்குப் பத்து மைல் பக்கக்காற்று அதே 400இல் ஓர் அடிக்கு மேல் தள்ளும். மலையில் காற்று ஒரே மாதிரி அடிக்காது, ஏறி வந்த மூச்சும் அடங்கியிருக்காது. மேசையில் வைத்துச் சுடுவதை விடுங்கள். உட்கார்ந்தும், மண்டியிட்டும், கைத்தடியில் சாய்த்தும் சுட்டுப் பாருங்கள். ஒரு சாப்பாட்டுத் தட்டில் ஐந்துக்கு ஐந்து விழுகிற தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. எனக்கு அது 275 கஜம்.

பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வையுங்கள். நம்மை விட்டு விலகிக் கோணலாக நின்றால், எதிர்ப்பக்க முன்னங்காலை நோக்கிக் குண்டு போகும்படி பின்தள்ளிக் குறி வையுங்கள். பின்புறம் காட்டி நின்றால் சுடாதீர்கள்.

சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளுங்கள். இன்னும் நின்றுகொண்டிருந்தால், பின்னால் வேறு விலங்கு இல்லாத பட்சத்தில் மறுபடி சுடுங்கள். ஓடி மறைந்துவிட்டால், அது நின்ற இடத்தையும் கடைசியாகத் தெரிந்த மரத்தையும் மனதில் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். நுரை கலந்த ரத்தம் தெரிந்தால் நுரையீரல், கிட்டத்தில்தான் கிடக்கும். பச்சையாக, நாற்றத்தோடு இருந்தால் வயிறு. அப்படியென்றால் பல மணி நேரம் விட்டுத்தான் பின்தொடர வேண்டும். உடனே துரத்தினால் எழுந்து அடுத்த மலைக்குப் போய்விடும்.