‘கார் டாக்’ அண்ணன் தம்பி: கேட்டவர்களுக்குப் பதில்கள்

அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆரில் வார இறுதிகளில் வந்த ‘கார் டாக்’ பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். தெரியாதவர்களுக்கு: கார் வைத்திருப்பவர்கள் போனில் பழுதைச் சொல்வார்கள், டாம், ரே மாலியாட்ஸி என்ற அண்ணன் தம்பி இருவரும் யோசனை சொல்வார்கள். ஒரு மணி நேரம், சிரிப்பும் கும்மாளமும். பாஸ்டன் பக்கம் குடியிருந்த காலத்தில் சனிக்கிழமை காலை எங்கள் வீட்டில் ஓடியது அதுதான்.

கேள்வி: இவர்கள் வானொலி அறிவிப்பாளர்களா, மெக்கானிக்குகளா?

மெக்கானிக்குகள். ஆனால் கேம்பிரிட்ஜில் இருக்கும் பெயர்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்ஐடியில் படித்த மெக்கானிக்குகள். டாம் 1958-லும், அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவரான ரே 1972-லும் அங்கே பட்டம் வாங்கினார்கள். பிறந்து வளர்ந்ததும் அதே ஊர்தான், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ்.

வானொலிக்கு வந்தது தற்செயல். 1977-ல் பாஸ்டனின் டபிள்யூபியூஆர் நிலையம் அந்த வட்டார மெக்கானிக்குகள் சிலரைச் சேர்த்து உட்காரவைத்து ஒரு கலந்துரையாடல் நடத்த நினைத்தது. அழைத்தவர்களில் வந்து சேர்ந்தது டாம் ஒருவர்தான். தனியாகவே சமாளித்தார். அடுத்த வாரமும் வரச் சொன்னார்கள், தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். அப்புறம் பத்து வருடம் உள்ளூர் நிகழ்ச்சி. 1987 அக்டோபரில்தான் நாடு முழுவதும் போனது.

அந்தப் பத்து வருடத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். வாரம் முழுக்கப் பட்டறையில் கிரீஸ் கையோடு நின்றுவிட்டு, வார இறுதியில் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ரேடியோவில் சொன்னதெல்லாம் அந்த வாரம் கையால் தொட்ட விஷயம்.

கேள்வி: என் மகன் இன்ஜினியரிங் வேலையை விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்யப் போகிறேன் என்கிறான். டாமும் வேலையை விட்டவர்தானாமே? ஒரு தகப்பனாகக் கேட்கிறேன், அது சரியா?

ஐயா, நடந்ததைச் சொல்கிறேன். டாம் ஃபாக்ஸ்பரோ என்ற ஊரில் நல்ல கம்பெனி வேலையில் இருந்தார். தினமும் சின்ன எம்ஜி காரில் நெடுந்தூரம் போய்வருவார். ஒருநாள் நெடுஞ்சாலையில் ஒரு டிரெய்லர் லாரி மோத வந்து, மயிரிழையில் தப்பினார். இப்போது செத்திருந்தால் வாழ்க்கையில் பாதியை இந்த ரோட்டிலேயே கழித்ததுதானே மிச்சம் என்று தோன்றியிருக்கிறது. நேரே அலுவலகத்துக்குப் போய் வேலையை விட்டுவிட்டார். பிறகு கொஞ்ச காலம் கேம்பிரிட்ஜின் கடைவீதியான ஹார்வர்ட் ஸ்கொயரில் காபி குடித்துக்கொண்டு பொழுதை ஓட்டினார். இதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் கதையை இங்கேயே நிறுத்தினால் உங்கள் மகனுக்குப் பாதிதான் போய்ச் சேரும். 1973-ல் தம்பியோடு சேர்ந்து ‘ஹேக்கர்ஸ் ஹேவன்’ என்ற பட்டறையைத் திறந்தார். வண்டிக்காரர்களே வந்து வாடகைக்கு இடமும் ஸ்பேனரும் எடுத்துத் தங்கள் காரைத் தாங்களே சரிசெய்துகொள்ளலாம். அருமையான யோசனை, லாபம்தான் வரவில்லை. வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே இவர்கள் பொழுது போனது. கடைசியில் ‘குட் நியூஸ் கராஜ்’ என்ற வழக்கமான ஒர்க்‌ஷாப்பாக மாற்றினார்கள். நடுவில் டாம் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்க்கெட்டிங்கில் முனைவர் பட்டம் வாங்கி, கல்லூரியிலும் பாடம் எடுத்தார். அதையும் விட்டார். வேலையை விட்ட நாளிலிருந்து நாடறிந்த நிகழ்ச்சி வரைக்கும் பல வருடம். அத்தனை காலம் தம்பி பக்கத்தில் இருந்தார், கையில் ஒரு தொழிலும் இருந்தது. உங்கள் மகனுக்கு அந்த இரண்டில் ஒன்றாவது இருக்கிறதா என்று அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கோபப்படாமல் பேசுங்கள்.

கேள்வி: ரே என்ன செய்துகொண்டிருந்தார்?

படித்து முடித்து வெர்மான்ட் மாநிலத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்தார். திரும்பி வந்து அண்ணனோடு பட்டறையில் சேர்ந்தார். டாம் பின்னாளில் பட்டறையிலிருந்து ஒதுங்கினார். ஒர்க்‌ஷாப்பை விடாமல் பிடித்துக்கொண்டவர் ரேதான்.

கேள்வி: அண்ணா, கோயம்புத்தூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வண்டியைப் பார்க்காமல் போனிலேயே பழுதைக் கண்டுபிடிப்பது நம்புகிற மாதிரியா இருக்கிறது?

தம்பி, உங்களுக்கே தெரிந்த வித்தைதான் அது. பேசுபவரை வண்டியின் சத்தத்தை வாயால் எழுப்பிக்காட்டச் சொல்வார்கள். கேட்பவர்களுக்கு அது வேடிக்கை, இவர்களுக்கு அது தகவல். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது மட்டும் ‘கடக் கடக்’ என்றால் சக்கரத்துக்குப் போகும் அச்சின் இணைப்பான சிவி ஜாயின்ட். வேகம் ஏற ஏற ‘ஊங்’ என்று கூடி, வளைவில் சத்தம் மாறினால் வீல் பேரிங்கைப் பார்க்க வேண்டும். பிரேக் மிதித்தால் ‘கீச்’ என்றால், பேட் தேய்ந்து அதிலிருக்கும் சின்னத் தகடு டிஸ்க்கில் உரசுகிறதோ என்று பார்ப்போம். எப்போது வருகிறது, எஞ்சின் சூடானதும் வருகிறதா, மழைநாளில் வருகிறதா? இப்படி நாலு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதி, வண்டி யாருடையது என்று கேட்பது. கணவன் ஓட்டினால் வராத சத்தம் மனைவி ஓட்டினால் ஏன் வருகிறது என்று சண்டையோடு வருபவர்கள் உண்டு. அந்தச் சண்டையையும் சேர்த்தே கேட்பார்கள்.

தவறாகச் சொன்னதும் உண்டு. அதற்காகவே ஒரு பகுதி வைத்திருந்தார்கள்: முன்பு பேசியவரைத் திரும்பக் கூப்பிட்டு, நாங்கள் சொன்னது சரியாக இருந்ததா என்று ஊரறியக் கேட்பார்கள். இதை நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் எத்தனை பேர் செய்வோம்? நான் அவர்களை மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

கேள்வி: நேரலையா?

தேசிய நிகழ்ச்சி ஒலிப்பதிவு செய்யப்பட்டது. பேச விரும்புபவர்கள் முன்பே பதிந்துவைத்த செய்திகளிலிருந்து குழு தேர்ந்தெடுக்கும். ஆனால் என்ன கேள்வி வரப்போகிறது என்று அண்ணன் தம்பிக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: திரைக்குப் பின்னால் இருந்தவர்கள் யார்?

இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் சூசன் ஸ்டாம்பெர்க். அமெரிக்காவில் தேசிய அளவிலான மாலைச் செய்தி நிகழ்ச்சி ஒன்றைத் தொகுத்து நடத்திய முதல் பெண். 1987-ல் என்பிஆரின் ஞாயிறு காலை நிகழ்ச்சியில் இவர்களுக்கு வாராவாரம் இடம் கொடுத்தார். தனி நிகழ்ச்சிக்குக் கதவு அங்கேதான் திறந்தது.

இன்னொருவர் தயாரிப்பாளர் டக் பெர்மன். பேச்சு எங்கெங்கோ ஓடும், அதை ஒரு மணி நேரத்துக்குள் சுவை கெடாமல் வெட்டி ஒட்டியது அவர் பொறுப்பு. 1992-ல் நிகழ்ச்சிக்கு, வானொலி, தொலைக்காட்சிக்குத் தரும் பெரிய விருதான பீபடி கிடைத்தது. 1998-ல் ‘வெயிட் வெயிட் டோன்ட் டெல் மி’ என்ற செய்தி வினாடி வினாவையும் அவர் உருவாக்கினார். அதுவும் வார இறுதி நிகழ்ச்சிதான், இன்றும் நடக்கிறது.

கேள்வி: எப்படி முடிந்தது? இப்போது கேட்க முடியுமா?

2012-ல் ஓய்வு பெற்றார்கள். அதன்பிறகு பழைய பதிவுகளிலிருந்து தொகுத்து ஒலிபரப்பினார்கள். 2014 நவம்பர் 3 அன்று டாம் அல்சைமர் நோயின் பாதிப்பால் காலமானார், வயது 77. அத்தனை உரக்கச் சிரித்த மனிதருக்கு நினைவு போகிற நோய் வந்ததை என்னால் இன்றும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அண்ணன் போனபின் ரே அவருக்காக ஒரு அஞ்சலி நிகழ்ச்சி செய்தார். இருவரும் 1989 முதல் எழுதிவந்த செய்தித்தாள் பத்தியையும் விடாமல் தொடர்ந்தார்.

பழைய பதிவுகள் பாட்காஸ்டாக வெளிவந்திருக்கின்றன. அஞ்சலி நிகழ்ச்சியை முதலில் கேட்காதீர்கள். 1990-களின் ஏதாவது ஒரு சாதாரண வாரத்திலிருந்து தொடங்குங்கள்.