புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி பெய்ஜிங் வரை போக வேண்டாம்

கேள்வி: நாகர்கோவிலில் எம்.ஏ. அரசியல் அறிவியல் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். ஊர் வள்ளவிளை. அப்பா ஆழ்கடல் விசைப்படகில் தங்கல் தொழிலுக்குப் போகிறவர். புராஜெக்ட்டுக்கு ‘இந்திய-சீன உறவுகள்’ என்று தலைப்பு கொடுத்தேன். இன்னும் மூன்று பேர் அதையே கொடுத்திருப்பதால் கைடு மாற்றச் சொல்கிறார். பத்து வாரம்தான் இருக்கிறது. பள்ளியில் தமிழ் வழி, ஆங்கிலத்தில் எழுதப் பயம். என்ன செய்யலாம்?

பதில்: கைடு உங்களைக் காப்பாற்றியிருக்கிறார். முன்பு ஒரு வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, தேர்வாளராகப் போயிருந்தேன். தங்க எழுத்தில் பைண்டிங், எண்பது பக்கம், இதே தலைப்பு. “இதுல நீங்க கண்டுபிடிக்க நினைச்சது என்னம்மா?” என்று கேட்டேன். அந்தப் பெண் 1954 பஞ்சசீலத்தில் ஆரம்பித்து ஒப்பிக்கத் தொடங்கிவிட்டாள். பாவம், அவளிடம் கேள்வி என்று ஒன்று இல்லவே இல்லை.

உங்கள் கரையில் கேள்விக்குப் பஞ்சமில்லை. ‘கச்சத்தீவைக் கொடுத்துத்தான் வெட்ஜ் பேங்கை வாங்கினோம்’ என்று மேடையிலும் டிவியிலும் கேட்டிருப்பீர்கள். வெட்ஜ் பேங்க் என்பது கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள மீன்வளக் கடல் பகுதி. இதற்கு ஆவணங்களில் ஆதாரம் உண்டா? இதையே ஆய்வுக் கேள்வியாக எடுங்கள்.

படிக்க வேண்டிய மூல ஆவணங்கள் சில பக்கங்கள்தான். கச்சத்தீவு இலங்கை பக்கம் போன 1974 ஜூன் ஒப்பந்தம் பாக் நீரிணைப் பகுதியைப் பற்றியது. வெட்ஜ் பேங்க் என்ற பெயரே அதில் வராது. 1976 மார்ச் 23இல் மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே தேதியில் வெட்ஜ் பேங்க் பற்றிய உடன்பாடு தனியாக இருக்கிறது. அந்தப் பகுதி இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள், அதாவது கடல் வளம் இந்தியாவுக்கே உரிய எல்லைக்குள், வரும் என்று அது சொல்கிறது. கூடவே, இலங்கை கேட்டுக்கொண்டதால் நல்லெண்ண அடையாளமாக, உரிமம் பெற்ற அந்நாட்டுப் படகுகள் மூன்று ஆண்டுகள் அங்கே மீன் பிடிக்கலாம் என்கிறது: ஆறு படகுகளுக்கு மேல் கூடாது, ஆண்டுக்கு 2,000 டன்னைத் தாண்டக் கூடாது.

அந்த ‘நல்லெண்ணம்’ என்ற சொல்லில் நின்று யோசியுங்கள். கொடுக்கல் வாங்கலாக இருந்தால் அந்தச் சொல் எதற்கு? ஆனால் அவசரப்பட்டு முடிவு எழுதிவிடாதீர்கள். ‘ஆவணத்தில் இல்லை’ என்பதும் ‘பேரமே நடக்கவில்லை’ என்பதும் ஒன்றல்ல. பேச்சுவார்த்தை மேசையில் சொன்னதெல்லாம் தாளில் ஏறுவதில்லை. இந்த வித்தியாசத்தைக் காட்டினாலே உங்கள் கடைசி அத்தியாயம் நிமிர்ந்து நிற்கும்.

காலத்தையும் கவனியுங்கள். 1976 மார்ச்சில் நாட்டில் நெருக்கடிநிலை. 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதால், ஒப்பந்தம் கையெழுத்தானபோது தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு இல்லை. மாநிலங்களின் குரல் வெளியுறவுக் கொள்கையில் எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு இதற்கு மேல் ஒரு உதாரணம் வேண்டாம். இதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கலாம்.

ஒப்பந்தங்கள் வெளியுறவு அமைச்சகத் தளத்தில் கிடைக்கும். 1974 ஜூலையில் அன்றைய வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அளித்த அறிக்கையை நாடாளுமன்ற டிஜிட்டல் நூலகத்தில் தேடுங்கள். பத்து வாரத்தில் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடலாமா என்றால் போடலாம். பதிலுக்கு முப்பது நாள் கெடு உண்டு. ஆனால் அதை நம்பி அத்தியாயம் திட்டமிடாதீர்கள்.

ஆங்கிலப் பயத்துக்கு என் வழி: ஒவ்வொரு அத்தியாயத்தின் வாதத்தையும் முதலில் தமிழில் ஐந்து வரியில் எழுதுங்கள். தமிழில் வராத வாதம் ஆங்கிலத்திலும் வராது. பிறகு சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். வெட்டி ஒட்டும் ஆசை வேண்டாம். யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி, பிறர் எழுதியதோடு உங்கள் எழுத்து ஒத்துப்போவது 10 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல்.

பேட்டி எடுப்பதானால் கேள்வியைத் தரையில் வையுங்கள். ‘வெளியுறவுக் கொள்கை பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்கள். எந்த மாதத்தில் வெட்ஜ் பேங்குக்குப் போவீர்கள், என்ன மீன் கிடைக்கும், எல்லை எங்கே என்று ஜி.பி.எஸ்.ஸில் எப்படித் தெரியும் என்று கேளுங்கள். முதல் பேட்டியை அப்பாவிடம் எடுக்காதீர்கள். வேறு ஊர்க் கரைகளில் நான்கைந்து பேரிடம் கேட்டுப் பழகிய பிறகு அவரிடம் வாருங்கள். படகுத் தொழிலாளியின் மகள் என்பதை முறையியல் அத்தியாயத்தில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். வைவாவில் தேர்வாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.