கஷ்ட காலத்தில் 'கடவுளே அடைக்கலம்' என்கிறார்களே, உங்கள் வாழ்க்கையில் அது எப்படி இருந்தது?

ஆபத்தில் கடவுள் காப்பார் என்று பாடும் பைபிளின் 91ஆம் சங்கீதத்தைத் தினமும் படித்தும் வீட்டில் பிரச்சினை தீரவில்லை, இதெல்லாம் மனசைத் தேற்றிக்கொள்கிற பேச்சுதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். முக்கிய வியாபாரம் பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான். பிப்ரவரி, மார்ச்சில் ஈரோட்டிலிருந்து துணியைக் கடனுக்கு எடுப்பேன், ஜூனில் விற்று ஆகஸ்டுக்குள் அடைத்துவிடுவேன். 2020லும் அப்படித்தான் எடுத்தேன். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. அந்த ஜூனில் பள்ளி திறக்கவில்லை, அடுத்த ஜூனிலும் திறக்கவில்லை. சின்ன வகுப்புகளுக்குத் திறந்ததே 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். துணிக்காரருக்கு நான்கு லட்சம், மூன்று வட்டிக்கு வாங்கியது மூன்று லட்சம், நகைக்கடன் தனி. யாரிடமும் சொல்லவில்லை. போன் அடித்தால் எடுக்கமாட்டேன். வாசலில் பைக் சத்தம் கேட்டால், முன்னறையில் கூரை வரைக்கும் அடுக்கியிருந்த துணிக்கட்டுகளுக்குப் பின்னால் லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

அம்மா மட்டும் ராத்திரி ஏழு மணிக்குக் குடும்ப ஜெபத்தை விடவில்லை. ஒருநாள் 57ஆம் சங்கீதம். சவுல் ராஜாவுக்குப் பயந்து ஓடிய தாவீது கெபிக்குள், அதாவது குகைக்குள், இருந்துகொண்டு பாடியது, "விக்கினங்கள் கடந்துபோகுமட்டும் உமது செட்டைகளின் நிழலிலே வந்து அடைவேன்" என்று வரும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தாவீதை ராஜாவாக அபிஷேகம் பண்ணியாச்சு, அவனுக்கு ஒரு வாக்குத்தத்தம் இருந்தது, எனக்கு என்ன இருக்கு என்று கத்தினேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தக் கெபியில தாவீது மட்டுமாய்யா இருந்தான்? கூட இருந்த ஆளுக யாருன்னு படி" என்றார்கள்.

1 சாமுவேல் 22ஆம் அதிகாரம். எத்தனையோ தடவை படித்ததுதான். அதுல்லாம் கெபிக்கு ஏறக்குறைய நானூறு பேர் தாவீதிடம் வந்து சேர்ந்தார்கள். ஒடுக்கப்பட்டவர்கள், கடன்பட்டவர்கள், முறுமுறுக்கிறவர்கள். கடன்பட்டவர்கள்! அந்த ஒரு வார்த்தையில் உடைந்து அழுதுவிட்டேன். அன்றைக்கு ராத்திரிதான் மொத்தத் தொகையை முதல்முறையாக வாய்விட்டு அம்மாவிடம் சொன்னேன். கெபிக்குள் நான் போனது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அதுவரைக்கும் துணிக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேனே, அது அடைக்கலம் இல்லை, அங்கே நான் தனியாக இருந்தேன்.

அதற்குப் பிறகு அற்புதமாகக் கடன் தீர்ந்தது என்று சொன்னால் அது பொய். மறுநாள் ஈரோட்டுக்கு நானே போன் போட்டேன், வெட்டாத கட்டுகளை விலை குறைத்துத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். வட்டிக்காரர் ஒரு பைசா விடவில்லை, அம்மாவின் வளையல் போயிற்று. சபையில் ஒரு மூப்பர் அண்ணன் நோட்டை விரித்து எது முதலில், எது பிறகு என்று கூட உட்கார்ந்து எழுதிக்கொடுத்தார். மிச்சத் துணியில் மாஸ்க் தைத்தோம், அது சாப்பாட்டுக்கு ஆச்சு.

கடையைத் திறக்கப் போனபோது இன்னொன்றும் நடந்தது. பூட்டியே கிடந்ததில் ஷட்டர் பெட்டிக்குள் குருவி கூடு கட்டியிருந்தது, வைக்கோல் நுனி வெளியே தொங்கியது, உள்ளே குஞ்சுகளின் சத்தம். முழுசாகத் தூக்கினால் தகரம் சுருண்டு கூட்டை நசுக்கிவிடும். 84ஆம் சங்கீதத்தில் இந்தக் குருவிக்குத்தான் 'அடைக்கலான் குருவி' என்று பெயர். மூன்று வாரம் ஷட்டரைப் பாதிக்கு மேல் தூக்காமல் குனிந்து குனிந்து போய்வந்தேன். வெளியே கடன்காரர் நின்ற நாளிலும் அது தன்பாட்டுக்கு இரை கொண்டுவந்து ஊட்டிக்கொண்டிருந்தது.

91க்கு வருகிறேன். பிசாசு இயேசுவை தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்று சொன்னானே, அவன் எடுத்துக்காட்டிய வசனம் இதே சங்கீதத்தில் இருப்பதுதான். ஆக, எனக்கு ஒன்றும் ஆகாது என்ற உத்தரவாதச் சீட்டாக இதைப் பிடித்துக்கொண்டால் கண்டிப்பாக ஏமாறுவோம். தயவுசெய்து 15ஆம் வசனத்தை நிதானமாகப் படியுங்கள், "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று இருக்கிறது. ஆபத்தே வராது என்று அங்கே இல்லை. தப்புவிப்பேன் என்பதும் அதே வசனத்தில்தான் வருகிறது, ஆனால் கூட இருப்பதற்கு அடுத்தபடியாகத்தான்.

உங்கள் பிரச்சினை என்னவென்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் வீட்டில் ஒருவரிடமாவது முழுசாகச் சொல்லிவிட்டீர்களா? செத்துவிடலாம் என்கிற அளவுக்கு மனசு போனால் 14416 என்கிற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தமிழில் பேசுவார்கள், பணம் கிடையாது. ஜெபம் பண்ணுகிறவன் அங்கெல்லாம் பேசக்கூடாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எனக்கு இன்னும் எழுபதாயிரம் பாக்கி இருக்கிறது. பைக் சத்தம் கேட்டால் இப்போது நானே எழுந்து வாசலுக்குப் போகிறேன்.