அடித்தது சிங்கப்பூரில், வழக்கு கிருஷ்ணகிரியில் நடக்குமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தைச் சேர்ந்த நான், கணவருடன் நான்கு ஆண்டுகள் சிங்கப்பூரில் வாழ்ந்தேன். அவர் அடித்ததால் அங்குள்ள நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு பெற்றேன். இப்போது ஐந்து வயது மகனுடன் தாய்வீட்டில் இருக்கிறேன். என் நகைகள் ஊத்தங்கரையில் மாமியாரிடம் உள்ளன. சிங்கப்பூரிலேயே விவாகரத்து வாங்கி, பிள்ளையையும் பறித்துவிடுவதாகக் கணவர் போனில் மிரட்டுகிறார். வெளிநாட்டில் நடந்ததற்கு இங்கே வழக்குப் போட முடியாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வது சரியா?

பதில்: சரியல்ல, சகோதரி. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன் 27-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ வசிக்கும் இடத்திலுள்ள நீதித்துறை நடுவரிடமே மனு செய்யலாம் என்கிறது. எனவே அடி எங்கே விழுந்தது என்பதைவிட, நீங்கள் இன்று எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்பதே உங்கள் மனுவுக்கு முக்கியம்.

சிங்கப்பூர் உத்தரவு இங்குள்ள காவல் நிலையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நடந்ததை நிரூபிக்க அது வலுவான ஆவணம். சான்றிட்ட நகலை அப்போஸ்டில் (ஒரு நாட்டு ஆவணம் உண்மையானது என்று பிற நாட்டில் ஏற்கச் செய்யும் சான்று) முத்திரையுடன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரு நாட்டுச் சட்டங்களும் வேறுபடுவதையும் அறிந்துகொள்ள வேண்டும். பெண்கள் சாசனம் என்ற பெயரில் இருந்தாலும், சிங்கப்பூர்ச் சட்டத்தின் கீழ் கணவனும் பாதுகாப்புக் கேட்கலாம். நம் 2005 சட்டத்தில் பெண் மட்டுமே கேட்க முடியும். மலேசியாவில் 2017 திருத்தத்துக்குப் பிறகு, நீதிமன்றம் போகாமலேயே சமூக நல அதிகாரி ஏழு நாள் அவசரப் பாதுகாப்பு உத்தரவு வழங்கலாம். நம் 2005 சட்டப்படி அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலருக்கு அந்த அதிகாரம் இல்லை. அவர் குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை தயாரித்து நடுவருக்கு அனுப்புவார். நம் நாட்டுக்கும் மலேசிய ஏற்பாடு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் புகார் கொடுத்த முதல் வாரமே பெண்ணுக்கு மிக ஆபத்தான காலம். அதுவரை நமக்கிருக்கும் வழி 2005 சட்டத்தின் 23-ஆம் பிரிவு: எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.20,000 வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

அதே மனுவில் நகைகளைத் திருப்பித் தரவும், மாதச் செலவுக்கும், மகனைத் தற்காலிகமாக உங்கள் பொறுப்பில் வைக்கவும் கேளுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகம் மூலம் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண் என்பதாலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

குற்ற வழக்கு சற்று வேறு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கணவர் வீட்டாரின் கொடுமைக்கான 85-ஆம் பிரிவில், சிங்கப்பூரில் மட்டுமே நடந்த செயல்களுக்கு இங்கே விசாரணை நடத்த மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். ஆனால் போன் மிரட்டல் உங்கள் காதில் விழுந்தது காவேரிப்பட்டணத்தில். நகை இருப்பது ஊத்தங்கரையில். குற்றத்தின் ஒரு பகுதி இந்தியாவில் நடந்திருந்தால் அந்த அனுமதி தேவையில்லை என உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியுள்ளது. ஆகவே அழைப்புப் பதிவுகளையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காதீர்கள்.

மகனைப் பற்றிய அச்சம் எனக்குப் புரிகிறது. வேறு நாட்டுக்குக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்ப வகைசெய்யும், குழந்தைக் கடத்தல் குறித்த 1980 ஹேக் உடன்படிக்கையில் சிங்கப்பூர் உண்டு, இந்தியா இல்லை. வெளிநாட்டு உத்தரவு ஒன்று இருப்பதாலேயே குழந்தையைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, குழந்தையின் நலனே முதன்மை என்று 2017-இல் நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளிச் சேர்க்கை, மருத்துவப் பதிவு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

விவாகரத்தைப் பொறுத்தவரை, நீங்கள் இந்து திருமணச் சட்டப்படி மணந்தவராக இருந்தால், அச்சட்டத்தில் இல்லாத காரணத்துக்காகவும், நீங்கள் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்காமலும் பெறப்பட்ட வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லாது என்பது 1991-இல் ஒய். நரசிம்ம ராவ் என்பவரின் விவாகரத்து வழக்கில் உச்ச நீதிமன்றத்தால் தெளிவாக்கப்பட்டது. ஆனாலும், அங்கிருந்து சம்மன் வந்தால் பதில் அளிக்காமல் விடாதீர்கள். அதேசமயம் வழக்கறிஞரிடம் காட்டாமல் எந்தத் தாளிலும், பெரியவர்கள் நீட்டும் பஞ்சாயத்துப் பத்திரத்திலும்கூட, கையெழுத்திடாதீர்கள்.